நாலு யூரோ ஒயினும் நாற்பது யூரோ நாக்கும்

செல்போன் திரையில் ஓகுஸ்த் தெல்மாஸ் இன்னொரு தடவை முகத்தைச் சுளித்தார்.

"நிறுத்து," என்றாள் கசில்தா. "கொஞ்சம் பின்னாடி போ. மெதுவா ஓட்டு."

"இந்த மூஞ்சிய இதுக்கு மேல மெதுவா பார்த்தா எனக்கு வாந்தி வந்துடும் பாஸ்," என்றான் நிக்கனோர். சொன்னானே தவிர, ஓட்டினான். சரகோசாவில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஏறியவர்களிடமெல்லாம் வாயைக் கொடுத்தே பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு, துப்பறியும் கசில்தாவிடம் உதவியாளனாக வந்து சேர்ந்திருந்தான். இங்கே வந்தும் வாய் குறையவில்லை.

திரையில் ஒரு ஹோட்டல் கூடம். கழுத்தில் பட்டுத்துணி, விரலில் மோதிரம், நடுவில் தெல்மாஸ். பாரிஸிலிருந்து வந்த ஒயின் மேதை. அவர் எழுதினால் விலை ஏறும், உதட்டைப் பிதுக்கினால் கடை மூடும். பெலியோ குடும்பத்தின் சிவப்பு ஒயின் பாட்டிலைத் திறக்கிறார். கிளாஸில் ஊற்றுகிறார். முகத்தைச் சுளிக்கிறார். கிளாஸை மூக்கருகே கொண்டுபோகிறார். "இது ஒயின் அன்று, வினிகர்," என்கிறார். கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது.

"பார்த்தியா?"

"பார்த்தேன். சுளிக்கிறார், மோந்து பார்க்கிறார், திட்டுறார். இதுக்குத்தானே இவருக்குக் காசு குடுக்கிறாங்க."

"முதல்ல சுளிக்கிறார். அப்புறம்தான் மோந்து பார்க்கிறார்."

நிக்கனோர் திரும்பவும் ஓட்டிப் பார்த்தான். "அட, ஆமா. ஆனா பாஸ், என் மாமியார் சமையலுக்கு நானும் அப்படித்தான். தட்டு வர்றதுக்கு முன்னாடியே முகம் தானா கோணிக்கும்."

"உனக்கு உன் மாமியார் சமையல் தெரியும். இவருக்கு அந்த பாட்டில் எப்படித் தெரியும்?"

நிக்கனோர் வாயை மூடினான். அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

காருக்கு வெளியே மொரால்பா கிராமத்தின் மலைச்சரிவு. சியெர்சோ என்று இந்த ஊர்க்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் வடக்குக் காற்று வண்டியையே ஆட்டியது. சரிவு முழுக்கக் கர்னாச்சா ரகத் திராட்சைக் கொடிகள், கறுத்துப் பழுத்த குலைகளோடு அறுவடைக்குக் காத்திருந்தன. இந்தப் பழம் பெலியோக்களின் ஆலைக்குத்தான் போயாக வேண்டும். வேறு வாங்க ஆளில்லை. பெலியோக்கள் இதைப் பிழிந்து ஒயினாக்கி, நாலு யூரோவுக்கு விற்று வந்தார்கள்.

நாலு யூரோ ஒயின்தானே என்று யாரும் கண்டுகொள்ளாமல் இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. போன மாதம் சரகோசாவில் ஒரு போட்டி. பாட்டில்களைத் துணியால் மூடி, தெல்மாஸ் உட்பட எல்லா நடுவர்களையும் பெயர் தெரியாமல் குடிக்கவைத்தார்கள். நாற்பது யூரோ பாட்டில்களையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு பெலியோவின் ஒயின் முதலில் வந்தது. சூப்பர்மார்க்கெட் கம்பெனி ஒன்று இந்த வருஷத்து ஒயின் முழுவதையும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. அதற்குள் ஹோட்டலில் இந்தக் கூத்து. போட்டிக்கு நல்லதை அனுப்பிவிட்டு, கடைக்கு வினிகரை அனுப்பும் மோசடிக் குடும்பம் என்று தெல்மாஸ் பத்திரிகையில் எழுதித் தள்ளினார். கம்பெனி பின்வாங்கப் பார்த்தது. அதன் கொள்முதல் அதிகாரி ஒச்சோவா அம்மாள் இன்று வந்து, இன்றே முடிவைச் சொல்லப்போகிறார். முடியாது என்றால் பழம் கொடியிலேயே அழுகும், தோட்டம் கைமாறும். அதனால்தான் பெலியோக்கள் கசில்தாவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கசில்தாவுக்கு ஒயின் மேதைகள் என்றாலே குமட்டும். ஈரமான நாய் வாசம், பழைய தோல் செருப்பு வாசம் என்று அவர்கள் அள்ளிவிடுவதைக் கேட்டால், இவர்கள் குடிக்கிறார்களா, குப்பை பொறுக்குகிறார்களா என்று சந்தேகம் வரும். ஆனால் குமட்டல் சாட்சி ஆகாது. அவள் காரைவிட்டு இறங்கினாள்.

---

பெலியோக்களின் நிலவறை மலையைக் குடைந்து செய்தது. கனத்த இரும்புக் கதவை உள்ளிருந்து சாத்தினால் வெளியே சூறாவளி அடித்தாலும் மெழுகுவத்தி அசையாது. ஆலையை நடத்துகிற விசி, ஐம்பதைக் கடந்தவள், கதவருகில் நின்றாள். அவள் தம்பி பிளாஸ் அடுப்பில் திராட்சைச் சுள்ளிகளை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"வினிகர் எங்கேருந்து வந்ததுன்னு தெரிஞ்சுதா?" என்றாள் கசில்தா.

"அந்த மூலையில இருக்கே, அந்தச் சின்னப் பீப்பாய்," என்றாள் விசி. "வீட்டுச் சமையலுக்கு வச்சிருக்கோம். இந்த ஊர்ல எல்லா வீட்டிலேயும் ஒண்ணு இருக்கும். யாரோ அதுலேருந்து பாட்டில்ல பிடிச்சு, எங்க கார்க்கையே அடிச்சு, எங்க லேபிளையே ஒட்டி, ஹோட்டலுக்குன்னு எடுத்து வச்ச பெட்டியில மாத்தி வச்சிருக்காங்க."

"கதவு உடைஞ்சிருந்ததா?"

"இல்லை. சாவி எப்பவும் மேலே புகைபோக்கிக் கல்லுக்கு அடியில இருக்கும். எங்க தாத்தா காலத்துப் பழக்கம்."

"அது யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஊருக்கே தெரியும்," என்றான் பிளாஸ்.

"அப்ப எதுக்குப் பூட்டு?" என்றான் நிக்கனோர். "கதவு குளிராம இருக்கவா?"

பிளாஸ் அவனை முறைத்தான். விசி தொடர்ந்தாள். "மாதா பிறந்தநாள் அன்னிக்குத்தான் நடந்திருக்கணும். அன்னிக்கு ஊரே மலைமேல கோயிலுக்குப் போயிடும். கீழே ஒரு ஈ காக்கா இருக்காது. மத்த நாள்ல எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இங்கேயே கிடப்போம்."

கசில்தா நிக்கனோரை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். காற்று அவள் பேச்சைப் பாதி பிடுங்கிக்கொண்டு போனது.

"சாவி இருக்கிற இடம் தெரிஞ்சவன். ஊர் காலியா இருக்கிற நாள் தெரிஞ்சவன். ஊர்க்காரன்தான் செஞ்சிருக்கான். ஆனா இந்த ஒயின் விக்காட்டி ஊர்ல ஒருத்தனுக்கும் சோறு கிடையாது. எவன் தன் தட்டுலயே மண்ணைப் போட்டுக்குவான்?"

"கூலிக்குச் செஞ்சிருப்பான் பாஸ். தெல்மாஸ் உள்ளூர்ல எவனையோ பிடிச்சிருக்கார். அந்த எடுபிடியைக் கண்டுபிடிச்சா வேலை முடிஞ்சுது."

"அதுக்குத்தான் அவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். ஊருக்குள்ள வரட்டும். யாரைப் பார்த்துத் திருதிருன்னு முழிக்கிறார், யாரைப் பார்க்காத மாதிரி நடிக்கிறார்னு நீ கவனி."

"வருவாரா?"

"வந்து எங்களுக்குப் பாடம் நடத்துங்கன்னு எழுதியிருக்கேன். அந்த மாதிரி ஆளுங்க அதுக்கு இறந்துபோனாலும் எழுந்து வருவாங்க."

---

வந்தார். ஒச்சோவா அம்மாளின் காரிலேயே வந்து இறங்கினார். பட்டுத்துணி காற்றில் பறந்து வாயை மூடியது. அதை விலக்கிக்கொண்டே கிராமத்தை ஒரு பார்வை பார்த்தார். மளிகைக்காரர், பாதிரியார், டிராக்டர் ஓட்டுகிறவன், ஜன்னலில் நின்ற பெண்கள், யார் மேலும் அந்தப் பார்வை நிற்கவில்லை. நிக்கனோர் உதட்டைப் பிதுக்கினான்.

"இங்ஙனம் ஓர் இடத்துக்கு நான் வருவது இதுவே முதல் முறை," என்றார் தெல்மாஸ். இலக்கணப் புத்தகத்தை விழுங்கியது போன்ற ஸ்பானிஷ். ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டு எடுத்து வைத்தார். "எளிய மக்கள். எளிய பானம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் எளிமையை மேன்மை என்று விற்பது குற்றம்."

"உட்காருங்க," என்றாள் விசி. அந்த ஒரு சொல்லில் எவ்வளவு வெறுப்பை அடைக்க முடியுமோ அவ்வளவையும் அடைத்திருந்தாள்.

இரும்புக் கதவு சாத்தப்பட்டது. சுள்ளி நெருப்பில் வாட்டிய ஆட்டு விலாக்கறி வந்தது. உப்பில் ஊறிய பன்றித்தொடை, பூண்டு போட்டு வதக்கிய ரொட்டித் தூள். மேஜையில் ஒரு கிளாஸ்கூட இல்லை. நடுவில் போர்ரோன் மட்டும் இருந்தது. கெண்டி மாதிரி மூக்கு நீண்ட கண்ணாடிப் பாத்திரம். அண்ணாந்து, வாய் படாமல் குடிக்க வேண்டும்.

"கிளாஸ்?" என்றார் ஒச்சோவா அம்மாள்.

"உங்களுக்குத் தரேன் அம்மா," என்றான் பிளாஸ். "அந்தாளுக்கு இந்த வீட்டுல கிளாஸ் கிடையாது. போன தடவை கிளாஸ்ல குடுத்ததுக்குத்தான் எங்க மானம் போச்சு."

"டேய் பிளாஸ்," என்று விசி அதட்டினாள். ஆனால் கிளாஸ் எடுக்க எழுந்திருக்கவில்லை.

கெண்டி சுற்றியது. பிளாஸ் குடித்தான். விசி குடித்தாள். நிக்கனோர் வீரமாக அண்ணாந்தான். முதல் தாரை மூக்கில் ஏறியது, இரண்டாவது காலரில் இறங்கியது.

"நல்லா இருக்கு," என்றான் இருமிக்கொண்டே. "என் சட்டையும் அதேதான் சொல்லுது."

ஒச்சோவா அம்மாள் சிரித்துவிட்டார். தெல்மாஸ் சிரிக்கவில்லை. கறியைச் சிறு சிறு துண்டாக நறுக்கி, பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர்போல மென்றார். நறுக்கிய கையோடு பேச்சையும் நறுக்கிப் பரிமாறினார். நாற்பது யூரோவுக்குக் கீழே இருப்பது தாகம் தீர்க்கிற திரவமே தவிர ஒயின் இல்லை என்றார். மலிவாகவும் நன்றாகவும் ஒரு பொருள் இருக்க முடியும் என்று நம்புவது ஏழைகளின் மூடநம்பிக்கை என்றார். பிளாஸின் கையில் இருந்த கத்தியைக் கசில்தா மெல்ல நகர்த்தி வைத்தாள்.

பன்றித்தொடையின் உப்பு தன் வேலையைக் காட்டியது. தெல்மாஸ் தண்ணீர் கேட்டார். விசி கிணறு வெளியே இருக்கிறது என்றாள்.

"அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க," என்றான் நிக்கனோர். "பாவம், பாரிஸ்ல ஸ்ட்ரா வச்சுக் குடிச்சுப் பழகினவர். இதைத் தூக்கினா பட்டுத்துணி பாழாயிடும். ஏதாவது பிள்ளைங்க பால் பாட்டில் இருந்தா குடுங்க."

தெல்மாஸின் காது சிவந்தது. கெண்டியின் கழுத்தைப் பற்றினார். உடம்பை லேசாகத் திருப்பினார். கையை முழு நீளத்துக்கு உயர்த்தினார். மெல்லிய சிவப்புத் தாரை காற்றில் வளைந்து நேராக வாய்க்குள் போனது. கடைசியில் மணிக்கட்டை ஒரு சொடுக்கு. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"பாஸ்," என்றான் நிக்கனோர், வாயெல்லாம் பல்லாக. "முதல் முறையா வந்தவர் குடிக்கிற குடியா இது?"

தெல்மாஸ் உதட்டைத் துடைத்துக்கொண்டார். அவசரமே இல்லை. "நண்பரே, நான் பெர்ப்பிஞானில் பிறந்தவன். எல்லைக்கு அந்தப் பக்கம் கத்தலான் மக்கள் வாழும் பிரெஞ்சு நகரம். அங்கே ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பாத்திரம் உண்டு. என் பாட்டனார் இதில்தான் குடித்தார். உங்கள் துப்பறியும் அறிவு இவ்வளவுதானா?"

நிக்கனோரின் முகத்தில் ஈயாடவில்லை. ஒச்சோவா அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்தார். "விசி, எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. ஆனா கம்பெனிக்கு நான் ஏதாவது சொல்லியாகணும். வினிகர் உங்க பாட்டில்ல இருந்தது. வேற யார் மேலயும் உங்களால குற்றம் காட்ட முடியலை."

விசி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ் எழுந்து அடுப்புப் பக்கம் போய் நின்றுகொண்டான். மூன்று தலைமுறை உழைப்பு ஒரு கைப்பை மூடுகிற சத்தத்தோடு முடியப்போகிறது.

"ஒரு நிமிஷம்," என்றாள் கசில்தா. "ஐயா குடிச்சது பிரமாதம். பெர்ப்பிஞான் கதையையும் நான் நம்புறேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். குடிக்கிறதுக்கு முன்னாடி ஏன் திரும்புனீங்க?"

"என்ன?"

"உட்கார்ந்திருந்தது அடுப்பைப் பார்த்து. கெண்டியைத் தூக்கினதும் இடது தோளைப் பீப்பாய்ப் பக்கம் திருப்புனீங்க. ஏன்?"

தெல்மாஸ் கெண்டியைப் பார்த்தார். தன் தோளைப் பார்த்தார். "வசதிக்காக."

"பிளாஸும் திரும்பினான். விசியும் திரும்பினாங்க. வேற வேற இடத்துல உட்கார்ந்திருந்தாங்க, ஆனா ரெண்டு பேர் தோளும் அதே பீப்பாய்ப் பக்கம்தான் போச்சு. நிக்கனோர் திரும்பலை, அவன் சரகோசாக்காரன். பிளாஸ், அந்தப் பக்கம் எந்தத் திசை?"

பிளாஸ் யோசித்தான். குடிக்கும்போது தான் திரும்புவதே அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. "வடக்கு," என்றான். "சியெர்சோ வர்ற பக்கம். தோட்டத்துல குடிக்கிறப்போ தோளைக் குடுத்து மறைக்கலைன்னா காத்து ஒயினைச் சட்டையில அடிச்சிடும். சின்னதுலயே பழகிடும்."

"இங்கே காத்து இருக்கா?"

மேஜை மேல் இருந்த மெழுகுவத்திச் சுடர் ஆணியடித்த மாதிரி நின்றது.

"பெர்ப்பிஞான்ல குடிக்கக் கத்துக்கலாம்," என்றாள் கசில்தா. "ஆனா கதவு சாத்தின குகைக்குள்ள இல்லாத காத்துக்குத் தோள் குடுக்க எங்க கத்துக்கிட்டீங்க? இந்த மலைச்சரிவுல பழம் பறிச்சவனைத் தவிர வேற எவனுக்கும் அந்தப் புத்தி வராது. நாங்க உங்க எடுபிடியைத் தேடிக்கிட்டிருந்தோம். எடுபிடியே கிடையாது. சாவி இருக்கிற இடமும் ஊர் காலியாகிற நாளும் உங்களுக்கே தெரியும். ஊர் அழிஞ்சா நஷ்டப்படாத ஊர்க்காரன் ஒருத்தன்தான் இருக்க முடியும். ஊரைவிட்டுப் போனவன்."

தெல்மாஸ் எழுந்தார். "இது அபத்தம். நான் என் வழக்கறிஞரை..."

அடுப்பருகிலிருந்து பிளாஸ் மெதுவாக நடந்து வந்தான். இந்த ஊரில் முகம் தெரியாத ஆளிடம் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டான்.

"நீ யாரோட மகன்?"

அந்தக் கேள்விக்கு இந்த மண்ணில் பிறந்தவன் எவனும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. தெல்மாஸின் வாய் திறந்து மூடியது. பிறகு இஸ்திரி போட்ட ஸ்பானிஷ் கழன்று விழுந்து, உள்ளேயிருந்து வேறு ஒரு குரல் வந்தது.

"கொல்லன் எம்பித் மகன்," என்றான். "அகுஸ்தின்."

இனி அவனுக்கு மரியாதை விகுதி எதற்கு.

விசி அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "எம்பித் குடும்பம் வேலை தேடி பிரான்சுக்குப் போனப்போ நீ மீசை முளைக்காத பயல். என்கூடதான் பழம் பறிச்சே. ஏண்டா? நாங்க உனக்கு என்ன பண்ணினோம்?"

பதில் சொன்னது ஒச்சோவா அம்மாள். கைப்பையை மறுபடி மேஜையில் வைத்திருந்தார்.

"போட்டியில நானும் நடுவரா உங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். நடுவர்னா ருசி பார்த்துட்டுத் துப்பணும். எல்லாரும் எல்லாத்தையும் துப்பினோம். நீங்களும் துப்புனீங்க. ஒரே ஒரு ஒயினை மட்டும் துப்பலை. கண்ணை மூடிக்கிட்டு முழுங்குனீங்க. கிளாஸ் காலி. ஏதோ சடங்குபோலன்னு நினைச்சேன். துணியை எடுத்தப்போ அது இந்த ஒயின்."

"நான்தான் அதுக்கு அதிக மதிப்பெண் போட்டேன்," என்றான் அகுஸ்தின். "நாலு யூரோ. நான் நாலு யூரோவுக்கு முதலிடம் குடுத்திருக்கேன். பாரிஸ்ல தெரிஞ்சா என்னைத் தெருவுல நடக்கவிட மாட்டாங்க. போட்டிக்கு வந்தது வேற ஒயின்னு ஆக்கினாத்தான் எனக்குத் தலை தப்பும்."

"உங்க நாக்கு நல்ல நாக்குய்யா," என்றாள் கசில்தா. "அதைத் தவிர உங்ககிட்ட நல்லதா ஒண்ணும் இல்லை."

"பாஸ், நாக்கை மட்டும் கைது பண்ண முடியாதா?" என்றான் நிக்கனோர். "அதை சாட்சியாக்கிட்டு மீதியை உள்ள தள்ளிடலாம்."

பிளாஸ் போலீசைக் கூப்பிட வேண்டும் என்றான். விசி தலையசைத்து மறுத்தாள். "எந்தப் பத்திரிகையில எழுதினானோ அதுலயே எழுதட்டும். வினிகரை யார் அடைச்சதுன்னும் எழுதட்டும், எதை முழுங்கினான்னும் எழுதட்டும். எழுதலைன்னா போலீஸ்."

அகுஸ்தின் தலையை ஆட்டினான்.

ஒச்சோவா அம்மாள் தொண்டையைச் செருமினார். "ஆர்டர் உறுதி. முழு அறுவடையும் எடுத்துக்கிறோம். அதோட விசி, ஒரு யோசனை. இந்தக் கதை வெளியே வந்தா கூட்டம் அலைமோதும். விலையை இருபதாக்கிடலாம். ஜனங்க விலையைப் பார்த்துத்தான் மதிக்கிறாங்க."

"வேண்டாம்மா," என்றாள் விசி. "வயித்துக்குப் போதும். இருபதுன்னு வச்சா இவனை மாதிரி ஆளுங்கதான் குடிப்பாங்க. நாலுன்னா எங்க ஊர் டிராக்டர்காரனும் குடிப்பான்."

பிளாஸ் திரும்பி நின்று சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அடுப்புப் புகை என்று யாரும் கேட்காமலே சொன்னான்.

அகுஸ்தின் கதவுவரை போய்விட்டான். இரும்புத் தாழில் கை வைத்தபடி நின்றான். முதுகு இவர்கள் பக்கம் இருந்தது.

"எங்க அப்பா தோட்டம் இப்ப யார்கிட்ட இருக்கு?"

"போறப்போ எங்க அப்பாகிட்டதானே வித்துட்டுப் போனார்," என்றாள் விசி. "அந்தக் கொடியை இன்னும் பிடுங்கலை. அந்தப் பழமும் இதுலதான் இருக்கு. நீ முழுங்கினியே, அதுல."

அவன் தாழிலிருந்து கையை எடுத்தான். பிறகு அகுஸ்தின் திரும்பினான். ஊர் ஊராகப் போய் ஒயினுக்கு விலை சொன்னவனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"விசி, ஒரே ஒரு பாட்டில். கொண்டுபோறதுக்கு. குடுப்பியா?"

விசி மேஜையிலிருந்த எலும்புகளைத் தட்டில் வழித்துப் போட்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கடையில கிடைக்கும்," என்றாள். "நாலு யூரோ."